இரண்டு கிடங்குகளுக்கு ஓலை வாசித்தார்கள்

போன வாரம் நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவே இல்லை. பால் பொங்கியதெல்லாம் சாக்கு. உங்களில் ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பயந்துதான் உள்ளேயே நின்றுகொண்டேன். "யக்கா, நம்ம கிடங்க இன்னொரு கம்பெனி வாங்கப் போவுதாம். டெல்லில அனுமதி குடுத்தாத்தான் நடக்குமாம். அதுவர புக்கிங் மேசையில நாங்க எப்படி இருக்கணும்?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. அந்த மேசையில் அத்தனை வருடம் இருந்தும் அது மட்டும் பழகவில்லை. பேனா பிடித்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

வேலை நுணுக்கம் எதுவும் இதில் இருக்காது. எந்த அறையில் எவ்வளவு குளிர் வேண்டும், அட்டைப்பெட்டியை எப்படி அடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். அந்தக் குளிரால் மூட்டு வலி வந்துதான் நான் வேலையை விட்டேன்; அது ஒருநாள் உங்கள் எலும்புக்குள்ளும் வந்து சேரும். கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள். அவ்வளவுதான் என் தொழில் அறிவுரை.

நான் சொல்ல வந்தது, எங்கள் காலத்தில் இதேபோல் ஒரு சேர்க்கை நடந்த கதை.

அப்போது தூத்துக்குடியில் இறாலையும் கணவாயையும் உறைய வைத்துக் கப்பல் வரும்வரை வாடகைக்குக் காத்துக்கொடுக்கும் பெரிய குளிர்கிடங்கு இரண்டே இரண்டு. ஒன்று மேட்டில் இருந்த எங்களுடையது. இன்னொன்று உப்பளத்துப் பக்கம் பள்ளத்தில் இருந்தது. அந்த எதிர்க் கிடங்குக்காரருக்குத் திருச்செந்தூர் ரோட்டில் பழைய சின்னக் கிடங்கு ஒன்றும் உண்டு. அவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். விற்பேன், இல்லையென்றால் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி இரண்டையும் சேர்த்து வாங்க ஒப்பந்தம் போட்டார்.

அந்த எதிர்க் கிடங்கில் மேனேஜர் தங்கராஜ் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன். துறைமுகத்தில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. என் தங்கச்சி ஸ்டெல்லாவும் அங்கேதான் பேக்கிங்கில் இருந்தாள். ஒப்பந்தம் நடந்தால் அவளுக்கும் அண்ணாச்சிக்கும் அங்கிருந்த மற்றவர்களுக்கும் வேலை நிலைக்கும். நடக்காவிட்டால் கிடங்கு பூட்டப்படும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஒப்பந்தம் போட்ட கையோடு சென்னையிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார்கள். எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். பெரிய கம்பெனிகள் ஒன்று சேர்வதென்றால் டெல்லியில் போட்டி ஆணையத்திடம் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் பார்ப்பது ஒரே விஷயம்: இந்த இரண்டும் ஒன்றானால், இவர்களை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்குப் போக வேறு இடம் இருக்குமா? அனுமதி வரும்வரை நாங்கள் ஒரு கம்பெனி மாதிரி நடக்கக் கூடாது. வாடகையைப் பேசிவைக்கக் கூடாது. வாடிக்கையாளர் விவரத்தைக் கொடுக்கக் கூடாது. நடந்தால் பெரிய அபராதம் வரும். அதைவிட, ஆணையத்துக்கு எங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

கடைசியில் அவர்கள் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்குச் சோறு போட்டது. "குழப்பமா இருந்தா உங்களையே ஒரு கேள்வி கேளுங்க. இந்த ஒப்பந்தமே இல்லைன்னா இன்னிக்கு நான் என்ன செய்வேன்? அதைச் செய்யுங்க."

எனக்கு உடனே புரிந்தது. நான் புன்னைக்காயல்காரி. எங்கள் மாதா கோயிலில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. மூன்றாவது ஓலை முடியும்வரை பையனும் பெண்ணும் வேறு வேறு வீடுதான். டெல்லிக்காரர்களும் ஓலைதான் வாசிக்கிறார்கள். எங்கள் விஷயம் சிக்கலானது என்பதால் பத்திரிகையில் அறிவிப்பே போடச் சொன்னார்கள். யாருக்கு என்ன ஆட்சேபம் இருந்தாலும் எழுதலாம் என்று.

ஆனால் அண்ணாச்சிக்கு ஓலை தெரியாது. அவர்கள் வழக்கம் வேறு. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே சம்பந்தி வந்து கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவார். அதில் தப்பு ஒன்றுமில்லை, அது பாசம்.

அப்படித்தான் ஒரு மதியம் வந்தார். கையில் முதலூர் மஸ்கோத் அல்வாப் பொட்டலம்.

"ஏளா ரோஸ்லி, எல்லாருக்கும் குடு. இனிம ஒரே வீடு, ஒரே உலை."

கொடுத்தேன். எனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அவர் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சரி, சொல்லு. அடுத்த சீசனுக்குக் கணவாய்க்கு நீங்க என்ன வாடகை போடப் போறீய? பெரிய பார்ட்டிக்கு எவ்வளவு கொறைக்கீய? சொன்னா நானும் அதையே போட்டுருதேன். பொறவு சேரும்போது ஒண்ணுபோல இருக்கும்லா?"

வயதில் மூத்தவர். அல்வாவோடு வந்திருக்கிறார். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. பாதி அல்வாவால், பாதி பயத்தால்.

"அண்ணாச்சி... இன்னும் ஓலை வாசிச்சு முடியல."

"என்ன ஓலை?"

கோயில் வழக்கத்தைச் சொன்னேன். அலுவலகம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எனக்குக் காது சூடானது.

"கெட்டிக்காரிதான். கிடங்குக்கும் ஓலை வாசிப்பாவளா?"

"டெல்லில வாசிக்காவ அண்ணாச்சி. அது முடியறவர நீங்க எங்களுக்கு எதிர்க் கடைதான்."

"அப்ப எதிர்க் கடக்காரன் அல்வாவத் திருப்பிக் குடு."

"தின்னாச்சே."

சிரித்தார். ஆனால் எழுந்து போகும்போது அந்தச் சிரிப்பு வாசல்வரைகூடப் போகவில்லை என்பதைப் பார்த்தேன். பிறகு வெகுநாள் போன் பண்ணவில்லை. ஸ்டெல்லாதான் சொன்னாள்: "அண்ணாச்சி ஒன்மேல ரொம்ப வருத்தமா இருக்காவ. ஒன் தங்கச்சின்னு என்னையும் மொறைக்காவ."

இங்கே உங்களுக்கு ஒன்று. கூச்சப்படுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, "கேட்டுச் சொல்லுதேன்" என்று இழுப்பது. எதிரே இருப்பவர் அதை "சரி" என்று எடுத்துக்கொள்வார். நாளைக்கு மறுபடி வந்து உட்காருவார். மறுப்பதை முதல் நாளே மறுத்துவிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அது சட்ட விரோதம் இல்லை.

அதன்பிறகு மழை வந்தது.

இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடம் முழுக்க வராது, வந்தால் போகாது. அன்று காலையில் உப்பளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. அண்ணாச்சி கிடங்கில் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கரண்ட்டும் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் உறைந்த சரக்கு கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு மேட்டு நிலம், ஜெனரேட்டர் ஓடியது. ஒரு அறை காலியாகவும் இருந்தது. முதலாளி சென்னையில் மாட்டிக்கொண்டார். அவர் எண்ணும் வக்கீலம்மா எண்ணும் கிடைக்கவில்லை. எங்கள் மேனேஜர் வீட்டைச் சுற்றி வெள்ளம். மேசையில் நான் இருந்தேன்.

முதலில் வாசலுக்கு வந்தது மீரான் காக்காவின் லாரி. காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சின்ன ஏற்றுமதியாளர், சொந்தமாக ஒரு சிறிய ஃப்ரீசர் அறை வைத்திருந்தார். அவருக்கும் கரண்ட் போய்விட்டது. அதற்கு முன் எங்களிடம் சரக்கு வைத்ததே இல்லை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் சன்னலருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, எடம் இருக்கா? இருக்குன்னா இருக்குன்னு சொல்லு. இல்லேன்னா இப்பமே சொல்லிரு, நான் வேற வழி பாக்கணும். மகன் சவூதில சம்பாதிச்சு அனுப்பினது பூரா இந்த லாரிக்குள்ளதான் இருக்கு."

அதே நேரம் அண்ணாச்சியிடமிருந்து போன். விட்டு விட்டுக் கேட்டது.

"ஏளா, ஒரு அறை காலியா இருக்குல்லா? அத அப்படியே நமக்கு வை. நான் வண்டி ஏத்திட்டேன், வந்துகிட்டே இருக்கு. வேற எவனையும் உள்ள விட்டுராத. நம்ம சரக்கு, நம்ம கிடங்கு, என்னளா?"

நம்ம கிடங்கு. அந்த வார்த்தை எப்படி இழுத்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. என் தங்கச்சி பேக்கிங் செய்த பெட்டிகள் அந்த வண்டிகளில் வருகின்றன. இன்னும் சில மாதத்தில் அண்ணாச்சி எனக்கே மேலதிகாரியாக வரலாம். மீரான் காக்கா யாரோ.

வக்கீலம்மா சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தமே இல்லையென்றால் இன்று நான் என்ன செய்வேன்? எதிர்க் கடை மூழ்குகிறது. உதவாமல் இருப்பேனா? மாட்டேன். அண்ணாச்சி சரக்கை எடுப்பேன். ஆனால் வாசலில் நிற்கிற லாரியை வெளியே நிறுத்திவிட்டு, வந்துகொண்டிருக்கிற எதிர்க் கடை லாரிக்காக அறையைப் பூட்டி வைப்பேனா? அதுவும் மாட்டேன். எந்த முட்டாளும் செய்ய மாட்டான்.

பதில் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணாச்சி, வாசல்ல ஒரு வண்டி நிக்கி. அது மொதல்ல உள்ள போவும். ஒங்க வண்டி வர வர, எடம் இருக்கிற மட்டும் எடுத்துக்கிடுதேன். எல்லாருக்கும் போர்டுல இருக்கிற வாடகைதான்."

"ரோஸ்லி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று அவர் கத்தியது கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

மீரான் காக்கா சரக்கு உள்ளே போனது. அண்ணாச்சியின் லாரிகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாக இறக்கினோம். அறைக்குள் நடக்க விட்ட வழியில்கூட அடுக்கினோம். கடைசி லாரி வந்தபோது கதவை மூடவே இடமில்லை. அந்த லாரி வாசலிலேயே நின்றது. மழை விட்டு, துறைமுகத்தில் குளிர்க் கன்டெய்னர் ஒன்று கிடைப்பதற்குள் அதில் இருந்த இறால் இளகிவிட்டது. கருவாட்டுக்குக்கூட ஆகவில்லை. கோழித்தீவனத்துக்குப் போனது.

தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சி வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. இந்தத் தடவை உட்காரவில்லை.

"மூணாம் மனுசனுக்கு வாசலத் தொறந்து விட்டுட்டு எங்கள மழையில நிறுத்திட்டியேளா. அந்த லாரிச் சரக்குக்காரன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

சரியானதைச் செய்தால் யாருக்கும் நட்டம் வராது என்று நான் உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. வந்தது. அவருக்கு வந்தது.

கொஞ்ச நாளில் ஆணையத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். நம் வயசுப் பெண்தான், அதாவது என் வயசு. டெல்லியில் வளர்ந்த தமிழ் பேசினார். ஏற்றுமதியாளர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே பார்த்தார். கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். வாடகை கொஞ்சம் ஏறினால் எங்கே போவீர்கள்? நம் ஊர் ஆட்கள் எப்படி என்று தெரியுமே. இவர்களை விட்டால் ஆளில்லை என்று சொல்ல மானம் விடாது. பல பேர் மீசையைத் தடவிக்கொண்டு, "கொச்சிக்குக் கொண்டு போயிருவோம், எங்களுக்கென்ன?" என்றார்கள். எங்கள் முதலாளிக்கு அதைக் கேட்டுப் பரம சந்தோஷம். கொச்சியும் போட்டிதான் என்றால் எங்கள் சேர்க்கையில் பயமில்லை என்று ஆகிவிடுமே.

அதிகாரி அவர்களிடம் அடுத்துக் கேட்டது இதுதான்: "மழை அன்னைக்கு யாராவது கொச்சிக்குப் போனீங்களா?"

ஒருவரும் போகவில்லை.

அவர் எங்கள் கிடங்கைப் பார்க்க வருவதற்கு முந்தின சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். மீன் குழம்பு கொண்டு வந்தாள். குழம்பு கொண்டு வந்தால் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"யக்கா, நாளைக்கு ஒன்னையும் கேப்பாவளாம். எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கும்னு சொல்லிரு. நீ ஏதாவது சொல்லப் போயி அவிய வேண்டாம்னுட்டா, எங்க கிடங்கப் பூட்டிருவாவ. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"நான் என்னளா சொல்லப் போறேன்? எனக்குப் பேசவே வராது."

"அதான் எனக்குப் பயம். நீ பேசினா பொய் வராது."

குழம்பை எடுத்து மூடி வைத்தேன்.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் முதலாளி, வக்கீலம்மா, அண்ணாச்சி எல்லோரும் இருந்தார்கள். அதிகாரி மழை அன்று நடந்ததைக் கேட்டார். வந்த வரிசையில் எடுத்தேன் என்று சொன்னேன். முதலாளி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம், எங்களுக்குப் பாகுபாடே கிடையாது. சேர்ந்த பிறகும் இப்படித்தான் இருப்போம்" என்றார்.

அதிகாரி தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு இந்த ரெண்டு கிடங்கும் ஏற்கெனவே ஒண்ணா இருந்திருந்தா? அப்பவும் அந்தக் காயல்பட்டினம் லாரி முதல்ல உள்ளே போயிருக்குமா?"

நான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா முகம் வந்தது. கூடவே எங்கள் பங்குச் சாமியார் ஓலை வாசிக்கும் குரலும் வந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் சொல்ல வேண்டாம் என்று அதில் விதிவிலக்கு கிடையாது.

அப்புறம் அதே கேள்விதான். அறையும் நம்முடையது, வருகிற சரக்கும் நம்முடைய பொறுப்பு என்றால் நான் என்ன செய்திருப்பேன்?

"போயிருக்காது மேடம்," என்றேன். "எங்க சரக்குதான் மொதல்ல போயிருக்கும். நான் மேசையில இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். மொதலாளி மூழ்குதார்னா வேலக்காரி வேற யாருக்கு எடம் குடுப்பா?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அண்ணாச்சி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வக்கீலம்மா மட்டும் பதறவில்லை. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "மேடம், இந்தக் கவலைக்கு நாங்க ஒரு வழி எழுதித் தர்றோம்" என்றார்கள். நல்ல வக்கீல் என்றால் அதுதான். சொல்லிவிட்ட உண்மையை மூடப் பார்க்காமல், அதன் மேல் நின்று அடுத்த அடி எடுத்து வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் நானே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன்; கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டேல்லா?" என்றாள். தலையாட்டினேன். அதன்பிறகு முடிவு வரும்வரை அவள் குழம்பு கொண்டு வரவில்லை.

என் ஒரு வார்த்தையால்தான் எல்லாம் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எத்தனையோ பேரைக் கேட்டிருந்தார்கள். நான் சொன்னது அந்தக் குவியலில் ஒரு கல். நான் பொய் சொல்லியிருந்தாலும் அந்த அதிகாரியம்மா கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முடிவு வந்தது. சேரலாம், ஆனால் ஒரு நிபந்தனை. உப்பளத்துப் பக்கம் இருக்கும் பெரிய கிடங்கை எங்கள் முதலாளி வாங்கிக்கொள்ளலாம். திருச்செந்தூர் ரோட்டுச் சின்னக் கிடங்கை, எங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும். வாங்குகிறவர் அதை நடத்தத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஊரில் எதிர்க் கடை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்கு வேண்டியது பெரிய கிடங்குதான்.

சின்னக் கிடங்கைக் கொச்சிக்காரர் ஒருவர் வாங்கினார். ஊரும் ஆட்களும் தெரிந்த மேனேஜர் வேண்டும் என்று தேடினார். துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பெயர்தான் சொல்லியிருப்பார்கள். அண்ணாச்சி அங்கே போனார். போகும்போது பேக்கிங் ஆட்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் ஸ்டெல்லாவும் ஒருத்தி. மீதிப் பேர் எங்களிடம் வந்தார்கள். பூட்டு ஒன்றும் விழவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அனுமதி வரும்வரை புக்கிங் மேசையில் எப்படி இருக்க வேண்டும்? நேற்று எப்படி இருந்தீர்களோ அப்படியே. வாங்குகிற கம்பெனிக்காரர் வந்தால் காப்பி கொடுங்கள், வாடகை சொல்லாதீர்கள். அவர் வண்டி வந்தால் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். டெல்லியிலிருந்து யாராவது கேட்டால், நடந்ததைச் சொல்லுங்கள், நடக்கப் போவதையும் உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் கம்பெனிக்கு வேண்டியதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அது அவர் வேலை.

சின்னக் கிடங்கு திறந்த அன்று சாயங்காலம் என் மேசையில் போன் அடித்தது. எடுத்தால் பழைய குரல்.

"ஏளா ரோஸ்லி, இப்ப நான் உண்மையிலேயே எதிர்க் கடக்காரன். ஓலையெல்லாம் வாசிச்சு முடிஞ்சுட்டுல்லா? இனியாவது சொல்லு, கணவாய்க்கு என்ன வாடகை?"

"வாசல்ல போர்டு மாட்டியிருக்கோம் அண்ணாச்சி. வந்து பாத்துக்கிடுங்க."

"பாத்தாச்சு. அதுல ஒரு ரூவா கொறச்சு இங்கன போர்டு போட்டுட்டேன். ஒன் மொதலாளிட்ட சொல்லிரு."

சொன்னேன். மறுநாள் காலையில் எங்கள் போர்டிலும் அரை ரூபாய் குறைத்து எழுதினார்கள். மதியம் மீரான் காக்கா லாரி வந்தது. காக்கா இறங்கி நின்று இரண்டு போர்டையும் பற்றி விசாரித்தார். நிதானமாகத் தாடியைத் தடவினார். பிறகு வண்டியைத் திருச்செந்தூர் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னார்.